யானைமலைக்குத் தெற்கே, நாற்பது மீட்டர்

சுவிட்சைத் தட்டியதும் பேசிவிட முடியாது இதில்.
வால்வுகளின் இழை சிவக்கவேண்டும்.
அறுபது வினாடி என்கிறது கையேடு.
ஒத்தக்கடையின் சாயங்கால நூற்றெண்பது வோல்ட்டுக்கு
நான் தொண்ணூறு எண்ணுவேன்.

முன்பாதி டிரான்சிஸ்டர், கடைசியில் மூன்று வால்வு.
கேட்கையில் குளிர்ந்திருக்கும்,
பேசுகையில் மட்டும் கொதிக்கும்.
(எங்கள் மீட்டர் லேபின் உதவிப் பொறியாளர்
நேர்மாறாக வடிவமைக்கப்பட்டவர்.)

முதல் அரைமணி நேரம் அலைவரிசை நிலைகொள்ளாது.
டீ போட்டுக்கொண்டு வருவதற்குள்
முள் வைத்த இடத்திலேயே இருக்கும்,
அதன் அடியிலிருந்து நிலையம் நழுவியிருக்கும்.

சேஸிஸின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பி.
உள்ளே படிகத் துண்டுகள், எட்டு.
ஊர்தி அலையை அதற்கு முன்பே இறக்கிவிடுகிறார்கள்.
எஞ்சிய இரண்டு பக்கப் பட்டைகளில்
ஒன்றுக்குத்தான் டப்பிக்குள் வழி.
என் குரலில் பாதிதான் மாடிக் கம்பிக்கு ஏறுகிறது.
இறக்கிவிட்ட ஊர்தியைத்
தன் பக்கத்தில் செய்துகொள்ளத் தெரிந்த பெட்டிக்கு
அது முழுக் குரல்.
தெரியாததற்கு
வாத்து.

பங்குனிப் பொங்கல் இரண்டாம் நாள்
புது வால்வு ஜோடியைச் செருகியிருந்தேன்.
பிளேட் குமிழைத் திருப்பினால் மின்னோட்ட முள் சரியும்.
ஏறும் இடமல்ல, சரியும் இடம்தான் சரியான இடம்.
லோடைக் கூட்டி, மறுபடி சரித்து,
மைக்கை அழுத்தி அழைத்தேன்:
ஸிக்யூ, ஸிக்யூ.

தெருவில் பாட்டு நின்றதுபோல் இருந்தது.
கதவை இடித்தது மைக்செட் வெள்ளைக்கண்ணு.
"யக்கா, கூம்புக்குள்ள வாத்து கத்துது.
பூசாரி ஆத்தா உத்தரவுங்கிறாரு.
நான் லில்லியக்கான்னு சொல்லிட்டேன்."

அவன் தப்பில்லை, என் தப்புமில்லை.
கோயிலிலிருந்து நரசிங்கம் திருப்பம் வரை
நாற்பது மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் இழுத்திருக்கிறான்.
நாற்பது மீட்டர் பட்டையில் நான் பேசுகிறேன்.
என் மின்சாரத்துக்கு அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

"இப்ப நீ இதைக் கேளு" என்று ஹெட்போனைக் கொடுத்தேன்.
கொடகொடவென்று இரைச்சல், முள் ஒன்பதுக்கு மேல்.
"இது யாருக்கா?"
"நீதான். உன் சீரியல் லைட்டு."
அவன் சிரிக்கவில்லை. காதை எடுக்கவுமில்லை.
வானத்தில் தன் அம்மன் கட்அவுட்
இப்படித்தான் கேட்கிறது என்பது
அவனுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

ராத்திரி பத்துக்கு நான் ஏணியைப் பிடித்தேன்.
பழைய டிவியில் கழற்றிய ஃபெரைட் வளையங்களில்
ஏழேழு சுற்று, கூம்பு ஒவ்வொன்றுக்கும்.
ஆம்பிளிஃபயரின் உள்வாசலில் ஒரு குட்டிக் கண்டென்சர்.
லைட் பலகைக்கு வளையம் மிச்சமில்லை.
"கரகம் எறங்குனதும் அணைச்சிர்றேங்க்கா."

இரண்டே காலுக்கு அணைத்தான்.
முள் இரண்டுக்கு விழுந்தது.
அவ்வளவு இருட்டு அந்தக் காதில் நான் கேட்டதில்லை.
வடக்கே யானைமலை படுத்திருக்கிறது,
தாழ்ந்து போகும் அலை அதன் விலாவில் முட்டிக்கொள்ளும்.
என் கம்பியோ வேம்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
தொய்ந்து கிடப்பது; நிமிர்ந்துதான் எறியத் தெரியும்.
எறிந்தது மேலே மோதி இறங்கிய இடம்
நாந்தேடு.
வெங்காய லாரிக்குக் காத்திருக்கும் ஒருவர்.
ஐந்து, ஏழு, என்றார் என் குரலுக்கு.
பெயர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் மங்கியது.
குறிப்பேட்டில் அந்தக் கட்டம் காலி.

காலையில் வெள்ளைக்கண்ணு ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான்.
"ராத்திரி பேசுனீகளாக்கா?"
"நாப்பது நிமிசம்."
"ஒரு சத்தம் வரலியே."
வளையங்களை என் கையில் எண்ணி வைத்தான்.
அவனுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள்
கூம்புக்குள் தலையை விட்டு
வாத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.